ராத்திரி முறைக் கதை

இதை எழுதலாமா வேண்டாமா என்று வருஷக்கணக்கில் தயங்கியவள் நான். ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் என் வீட்டுக்காரர் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றும்போது, இந்த வருஷம் எழுதிவிடுகிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். மெழுகு உருகி முடிவதற்குள் வேண்டாம் என்று ஆகிவிடும். எட்டாவதோடு பள்ளிக்கூடம் விட்டவள், எனக்கு எழுத்து எங்கே வரும் என்பது ஒரு பயம். உயிரோடு இல்லாத மனிதரைப் பற்றி ஊர் ஒரு மாதிரி பேசிவிடுமே என்பது அதைவிடப் பெரிய பயம். ஆனால் அவர் பாதியில் விட்டுப்போன கதை ஒன்று இருக்கிறது. நான் பேசாமல் இருந்தால் அது கெட்டுப்போகும் என்று ஆகிவிட்டது. மாதாவை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

பொம்மிடிக்குக் கிழக்கே மலையடிவாரத்தில் எங்கள் வீடு. ராத்திரியில் சேலம் போகிற ரயில் ஊதுவது வீடு வரைக்கும் கேட்கும். எங்கள் பக்கம் நிலத்தைக் கொல்லை என்போம். எங்கள் மேட்டுக்கொல்லையில் மரவள்ளி என்கிற குச்சிக்கிழங்கும் கொஞ்சம் மஞ்சளும் போட்டிருந்தோம். கொல்லைக்குத் தண்ணீர் இறைக்கத் திரீ பேஸ் கரண்டு வேண்டும். அப்போதெல்லாம் அதை முறை வைத்துத்தான் விடுவார்கள். ஒரு வாரம் பகல் முறை, மறு வாரம் ராத்திரி முறை. ராத்திரி முறை வந்துவிட்டால் ஆண்கள் டார்ச்சையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். மோட்டார் தானாக ஓடும், மடை தானாகத் திரும்பாதே.

எங்களுக்கு ஒரே மகள். அவளைத் தர்மபுரியில் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் பேச்சே இல்லாமல் போனது. சாயங்காலம் ஜெபமாலை சொல்வோம், அதற்கப்புறம் சோறு போடவா என்பேன், போடு என்பார், அவ்வளவுதான். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தோ என்னவோ, ஒருநாள் பொம்மிடிக் கடையிலிருந்து கையடக்கமாக ஒரு ரேடியோ வாங்கி வந்தார். வீட்டில் வைத்துத் திருகினோம். மலை மறைவு, காற்றடிக்கிற சத்தம்தான் வந்தது. அன்றைக்கு ராத்திரி அதை மேட்டுக்கொல்லைக்கு எடுத்துப் போனார். விடியற்காலை நான் பால் கறக்க உட்கார்ந்தபோது, கால் நிறையச் சேற்றோடு வந்து மாட்டுக்குப் பக்கத்தில் குந்தினார்.

“ஏ புள்ள, மேட்டுல சூப்பரா எடுக்குது. நடு ராத்திரியில ஒரு மனுசன் கதை சொல்றான் பாரு, மண்வெட்டி கையில நின்னுபோச்சு.”

“என்னா கதைங்க?”

“சொல்றேன். மொதல்ல மாட்டைக் கவனி, ஒதைக்கப் போவுது.”

அப்படித்தான் ஆரம்பித்தது. ராத்திரி முறை வாரம் முழுக்க, விடியற்காலையில் எனக்குக் கதை கிடைக்கும். பகல் முறை வாரத்தில் கிடையாது. அந்த வாரத்தில் கதை எங்களை விட்டு ஓடிவிடுமே என்று ஒருநாள் கவலைப்பட்டுக் கேட்டேன்.

“அதெல்லாம் ஓடாது புள்ள. அந்தாளுக்கும் மொறைதான். நமக்கு ராத்திரி கரண்டு வந்தாத்தான் அவனுக்கும் ராத்திரி கரண்டு.”

நான் நம்பினேன். ரேடியோ ஸ்டேஷனும் கரண்டில்தானே ஓடுகிறது, மோட்டாருக்கு முறை வைக்கிற கவர்மெண்ட் அதற்கு மட்டும் முறை வைக்காமலா விடும்? எனக்கு நியாயமாகத்தான் பட்டது. படித்தவர்கள் சிரிக்கலாம். எங்கள் ஊரில் எதற்கும் முறை உண்டு, தண்ணீருக்கு, கரண்டுக்கு, கோயில் கூட்டுவதற்கு.

அவர் கதையை மட்டும் கொண்டுவரவில்லை. சொல்கிற ஆளையே கூட்டிவந்து மாட்டுக்கொட்டாயில் உட்காரவைத்தார். நடுவில் திடீரென்று நிறுத்துவார். “இங்க அந்தாளு ஒரு வாய் தண்ணி குடிச்சான்” என்பார்.

“ரேடியோவுல தண்ணி குடிக்கிறது தெரியுமாங்க?”

“மடக்குன்னு தொண்டை சத்தம் வருது புள்ள. ராத்திரி நேரம், எது பண்ணாலும் கேக்கும்.”

இன்னொரு நாள், இங்கே அந்தாள் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான், ரேடியோ நின்றுவிட்டதோ என்று தட்டிப் பார்த்தேன் என்றார். அவரும் பேசாமல் இருந்தார். பால் பக்கெட்டில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. கதையில் என்ன நடக்கப்போகிறதோ என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். பேசாமல் இருப்பதும் கதையில் ஒரு பகுதி என்று நான் அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

மாடும் பழகிவிட்டது. அவர் குரல் நின்றால் பாலை அடக்கிக்கொள்ளும். “உன்னைவிட இது கெட்டியா கேக்குது” என்று என்னைக் கேலி பேசுவார். பக்கெட் நிறைந்ததும் கதையும் நிற்கும். “அவ்ளோதான் புள்ள, இதுக்கு மேல பாட்டு போட்டுட்டான்.” தினமும் பக்கெட் நிறைகிற நேரத்தில் அவன் எப்படிச் சரியாகப் பாட்டுப் போடுகிறான் என்று நான் ஒருநாளும் யோசிக்கவில்லை.

ஒருமுறை, இன்றைக்கு அந்தாளுக்குத் தொண்டை கட்டிவிட்டது, பாவம், இருமி இருமிச் சொன்னான் என்றார். அன்று சாயங்காலம் ஜெபமாலையில், முகம் தெரியாத அந்தக் கதைக்காரரின் தொண்டைக்காக ஒரு அருள் நிறை மரியே கூடுதலாகச் சொன்னேன். பக்கத்தில் முழங்காலில் இருந்த இவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆமென் என்று சொல்லும்போது இருமல் வந்துவிட்டது அவருக்கு.

கடைசியாக ஓடிய கதை மாதக்கணக்கில் போனது. அதை இங்கே சொல்லியாக வேண்டும்.

ஆள் இல்லாத காட்டில் ஒரு ரயில்வே கேட். அங்கே ஒரு கேட்காரன். ராத்திரியில் ஒரே ஒரு வண்டிதான் அந்தப் பக்கம் போகும். ஒருநாள் அந்த வண்டி சிக்னல் இல்லாமல் கேட்டுக்கு நேராக நின்றுவிட்டது. ஜன்னலில் ஒரு பெண். “தாகமா இருக்குங்க, கொஞ்சம் தண்ணி கெடைக்குமா?” என்று கேட்டாள். கேட்காரன் சொம்பை எடுத்துக்கொண்டு கிணற்றுக்கு ஓடினான். திரும்பி வருவதற்குள் வண்டி போய்விட்டது. மறுநாளும் அதே இடத்தில் வண்டி நின்றது, அதே ஜன்னல், அதே பெண். “நேத்து கேட்டேனே” என்றாள். அன்றைக்குக் கிணற்றுக் கயிறு அறுந்தது. அடுத்த நாள் முன்கூட்டியே சொம்பில் பிடித்து வைத்தான், அதைக் கன்றுக்குட்டி வந்து முட்டிக் கவிழ்த்துவிட்டது.

“நம்ம கன்னுக்குட்டி மாதிரியே இருக்குதுங்களே?” என்றேன்.

“எல்லா ஊருலயும் கன்னுக்குட்டி அப்பிடித்தான் புள்ள.”

இப்படி ஒவ்வொரு ராத்திரியும் ஏதாவது ஒன்று. ஒருநாள் சொம்பு ஓட்டை. ஒருநாள் அவனே தூங்கிவிட்டான், அந்தப் பெண் அவனை எழுப்ப மனமில்லாமல் பார்த்துக்கொண்டே போய்விட்டாள். அன்றைக்கு நான் பால் கறக்கிறதை விட்டுவிட்டு, “அந்தப் பாவிக்கு ஒரு நாளு கண்ணு முழிச்சிருக்க முடியாதா!” என்று திட்டினேன். இவர் சிரித்த சிரிப்பில் மாடு மிரண்டது.

கடைசியில் ஒரு விடியற்காலை. கேட்காரன் நிறைந்த சொம்போடு ஓடி வருகிறான். வண்டி நின்றுகொண்டிருக்கிறது. தண்ணீர் தளும்பவில்லை. ஜன்னலுக்குக் கீழே வந்து எம்பிச் சொம்பை நீட்டினான். அவள் கையை நீட்டினாள். வண்டி ஊதியது.

“பாட்டு போட்டுட்டான் புள்ள.”

“ஐயோ! அவ குடிச்சாளா இல்லியா?”

“எனக்கென்னா தெரியும், அடுத்த மொறையிலதான் சொல்லுவான்.”

அடுத்த வாரம் பகல் முறை. அந்த வாரத்தில்தான் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூக்கில் குழாயோடு படுத்திருந்தவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். அழுகை வந்தால் அவர் பயந்துவிடுவாரே என்று, “அந்தக் கதை என்னா ஆச்சுங்க?” என்று கேட்டேன்.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். “இங்க ரேடியோ எடுக்காது புள்ள.”

“நம்ம பாப்பாகிட்ட சொல்லி எடுத்தாரச் சொல்லட்டா?”

“வேணாம். வூட்டுக்குப் போயி, மேட்டுல நின்னு கேட்டு, சொல்றேன்.”

சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு அப்போது புரியவில்லை. விடிவதற்கு முன்னால் ஆண்டவர் அவரை அழைத்துக்கொண்டார்.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் எனக்கு ஒரே நினைப்புதான். அந்தக் கதைக்காரர் மீதியைச் சொல்லியிருப்பாரா? நான் இல்லாமல் சொல்லி முடித்துவிட்டாரா? அவரைக் கேட்டால் என் வீட்டுக்காரரைக் கேட்ட மாதிரி இருக்கும் என்று ஒரு ஆசை. ராத்திரி முறை வந்தது. எங்கள் கொல்லைக்கும் சேர்த்துக் கொழுந்தனார்தான் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். அவரிடம், இன்றைக்கு நான் கட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு, டார்ச்சையும் ஜெபமாலையையும் எடுத்துக்கொண்டு போனேன். மோட்டார் ரூமில் என் வீட்டுக்காரர் மாட்டிய ஆணியிலேயே ரேடியோ தொங்கிக்கொண்டிருந்தது.

ஸ்டார்ட்டரை அழுத்தினேன். தண்ணீர் வந்து தொட்டியில் விழுந்தது. ரேடியோவைத் திருகினேன்.

கொர்ர்ர் என்று ஒரு சத்தம். முள்ளை அந்தப் பக்கம் நகர்த்தினேன், இந்தப் பக்கம் நகர்த்தினேன். அதே கொர்ர். வெளியே எடுத்து வந்தேன். வாய்க்கால் ஓரமாக நடந்தேன். கிழங்குக் கொல்லையின் கடைசி வரைக்கும் போனேன். தலைக்கு மேலே கரண்டுக் கம்பி கூடவே வந்தது, கொர்ரும் கூடவே வந்தது. ரேடியோ ரிப்பேர் ஆகிவிட்டது, நம் நேரம் என்று நினைத்து நின்றபோது கரண்டு போனது. மோட்டார் நின்றது. அந்த நிமிஷமே ரேடியோ தெளிந்தது. பக்கத்தில் ஆள் நின்று பேசுகிற மாதிரி ஒரு குரல். தொலைந்துபோன மூக்குத்தியைப் பற்றி ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தது.

அது பெண் குரல்.

கரண்டு திரும்ப வந்தது, மோட்டார் ஓடியது, குரல் போய்விட்டது. டார்ச் வெளிச்சத்தைப் பார்த்துக் கொழுந்தனார் வரப்பில் வந்தார்.

“என்னாங்க அண்ணி, ரேடியோவைத் தூக்கிக்கினு சுத்தறீங்க?”

“கதை கேக்கலாம்னு வந்தேன். எடுக்க மாட்டேங்குது.”

“மோட்டார் ஓடறப்ப ரேடியோ எங்கங்க அண்ணி எடுக்கும்? சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியுமே. அண்ணன் அதை ஆணியில மாட்டுனதோட சரி, ஒருநாளும் பாடி நான் கேட்டதில்லை. நடு ராத்திரியில தனியா எதையாச்சும் பேசிக்கினு மடை திருப்பிக்கினு இருப்பாரு. என்னா அண்ணே மந்திரம் ஓதறேன்னு கேட்டா, ஜெபம்டாம்பாரு.”

என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, வந்த வரப்பிலேயே திரும்பிப் போனார். நான் குழாய் மேல் உட்கார்ந்துவிட்டேன். ரேடியோவுக்கு என் வீட்டுக்காரர் பேட்டரிக் கட்டை மாற்றியதே இல்லை. நல்ல ரேடியோ, கட்டை ரொம்ப நாள் வருகிறது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேனே! பக்கெட் நிறைந்ததும் வந்த பாட்டு, எங்கள் கன்றுக்குட்டி, கட்டிப்போன தொண்டை. அந்த வாரம் இவருக்குத்தானே சளி. நான் வேண்டிக்கொண்டது இவர் தொண்டைக்குத்தான். மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு இருட்டில் எனக்காக ஒருத்தர் கதையைச் சொல்லிச் சொல்லிப் பார்த்திருக்கிறார். எந்த இடத்தில் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது முதற்கொண்டு. அன்றைக்கு நான் மடை திருப்பவே இல்லை. ஒரே பாத்தியில் தண்ணீர் நின்று கிழங்கு பாதி அழுகிப்போனது.

மகளிடம் போனில் சொன்னேன். “பொம்பளை கதை சொல்றாள்னா நீ ஆயிரம் கேள்வி கேப்பேன்னு அப்பா அவளை ஆம்பளையா ஆக்கிட்டாரும்மா” என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே அவள் அழுதது எனக்குக் கேட்டது.

கோயிலில் பாவங்களைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத்தில் பங்குச் சாமியாரிடமும் சொன்னேன். என் வீட்டுக்காரர் வருஷக்கணக்கில் பொய் சொல்லிவிட்டார் சாமி, அது எந்தக் கணக்கில் சேரும் என்று கேட்டேன். “வூட்டுக்காரரு பாவத்தை அவரு சொல்லிக்குவாரும்மா. நீ உன்னோடதைச் சொல்லு” என்றார். என்னுடையது என்று பார்த்தால், ஒரே ஒரு நாள்கூட நானும் கொல்லைக்கு வருகிறேன் என்று அவரோடு கிளம்பாமல் இருந்ததுதான். அதைச் சொன்னேன். அது பாவமில்லை, வீட்டுக்குப் போ என்றார்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. அந்த ஒரு கதையாவது ரேடியோவில் வந்ததாக இருக்கக்கூடாதா? கரண்டு போன நேரத்தில் கேட்டிருக்கலாமே? அப்படி இருந்தால் மீதி எங்கேயோ இருக்கும். மகள் யார் யாரிடமோ கேட்டு, ரேடியோவில் கதை சொல்கிற அந்தப் பெண்ணை எனக்குப் போனில் பிடித்துக் கொடுத்தாள். கேட்காரன், வண்டி, சொம்பு என்று அடையாளம் சொன்னேன்.

“அப்படி ஒரு கதை நான் சொன்னதில்லீங்கம்மா. ஆரம்பத்திலிருந்து இந்த நிகழ்ச்சி நான்தான் பண்றேன்” என்றார் அந்தப் பெண். போனை வைக்கப் போனேன். “வெச்சிடாதீங்க. அந்தக் கதையை எனக்குச் சொல்லுங்களேன்” என்றார்.

சொன்னேன். என் வீட்டுக்காரர் சொன்ன மாதிரியே சொன்னேன். நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி, இங்கே தண்ணீர் குடிப்பார் என்றும் சொன்னேன். வண்டி ஊதியதோடு முடித்தேன். “அம்மா, இதை நான் ராத்திரியில சொல்லலாமா?” என்று கேட்டார்.

எனக்குச் சந்தோஷம். ரேடியோவில் வந்தது என்று என் வீட்டுக்காரர் சொன்னது மெய்யாகிவிடுமே! “சொல்லுங்கம்மா. ஆனா நின்ன எடத்துலயே நிறுத்திடணும்” என்றேன். சரி என்றார்.

அந்த ராத்திரி மோட்டாரை நிறுத்திவிட்டு மேட்டில் நின்று கேட்டேன். என்ன அழகாகச் சொன்னார் அந்தப் பெண்! கயிறு அறுந்த இடத்தில் எனக்கே பதறியது. நடுவில் ஒரு வாய் தண்ணீர் குடித்தார். மடக்கென்று தொண்டைச் சத்தம் நிஜமாகவே கேட்டது. என் வீட்டுக்காரர் சொன்னது சரிதான், ராத்திரியில் எல்லாம் கேட்கிறது. சொம்பை நீட்டினான், கையை நீட்டினாள், வண்டி ஊதியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் அவர் நிறுத்தவில்லை. அவள் தண்ணீரைக் குடித்தாள், கேட்காரன் கதவைப் பிடித்துத் தாவி ஏறினான், இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பியது என்று முடித்துவிட்டார். பாட்டு வந்தது.

மறுநாள் அவரே போன் பண்ணினார். “கோவிச்சுக்காதீங்கம்மா. கேக்கிறவங்க தூங்கப் போற நேரம். அந்தரத்துல விட்டுட்டுப் போக மனசு வரலை” என்றார். நான் கோபித்துக்கொள்ளவில்லை. நல்ல மனசு அவருக்கு. அவர் நிகழ்ச்சிக்கு அது சரியாக இருக்கலாம்.

ஆனால் போன மாதம் பால் ஊற்றப் போன இடத்தில் ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளுக்கு இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். “கடைசியில ரெண்டு பேரும் ஏறிப் போயிட்டாங்கக்கா” என்றாள். எனக்கு யாரோ என் வீட்டுக்காரரை இரண்டாவது தடவை தூக்கிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. கையிலிருந்த கேனைக் கீழே வைத்துவிட்டேன். அங்கேயே முடிவு பண்ணினேன், எழுதிவிட வேண்டும் என்று.

இப்போது பகலிலும் திரீ பேஸ் வருகிறது. ராத்திரி யாரும் கொல்லைக்குப் போவதில்லை. நான் மட்டும் சில நாள் போவேன். மோட்டாரைப் போட்டுவிட்டு ரேடியோவையும் திருகி வைப்பேன். அந்தக் கொர்ர் சத்தத்தைத்தான் அவர் அத்தனை ராத்திரியும் கேட்டுக்கொண்டு நின்றார். அதற்குள்ளிருந்துதான் எனக்குக் கதை எடுத்து வந்தார். கொஞ்ச நேரம் நின்று கேட்டால், அதற்கு உள்ளே ஏதோ பேச்சு இருக்கிற மாதிரிதான் இருக்கும். தூரத்தில் சேலம் வண்டி ஊதும்.

அவர் விட்ட இடத்தில் விட்டால் அந்த வண்டி இன்னும் கிளம்பவில்லை. ஊதியிருக்கிறது, அவ்வளவுதான். அவன் கையில் சொம்பு, அவள் கை அதற்கு நேராக. அதனால் இதைப் படிக்கிறவர்களை நான் கும்பிட்டுக் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். இதை உங்கள் வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்லுங்கள். மாட்டுக்கொட்டாயில் சொல்லுங்கள், அடுப்படியில் சொல்லுங்கள், எங்கே வேண்டுமானாலும் சொல்லுங்கள். கயிறு, கன்றுக்குட்டி, ஓட்டைச் சொம்பு எதையும் விட்டுவிடாதீர்கள். நடுவில் ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். வண்டி ஊதியதும் நிறுத்திவிடுங்கள். அவள் குடித்தாளா என்று பிள்ளைகள் கேட்டால், அடுத்த முறையில்தான் சொல்லுவான் என்று சொல்லிவிடுங்கள். உங்கள் பங்குக்கு ஒன்றும் சேர்க்காதீர்கள். அவர் ஒருநாள் வந்து சொல்லுவார்.